ஏழாவது ஆளும் ஓர் இருமலும்

என் அம்மாவின் வேலை, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் இருப்பது. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, "பேசாம இருக்கறதுக்கு ஒரு வேலையா? அதுவும் உங்கம்மாவுக்கா?" என்று சிரிப்பதை நிறுத்தவில்லை. அத்தை சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆபீசில் நாளெல்லாம் அடக்கிய பேச்சை அம்மா மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவாள். செருப்பைக் கழற்றும்போது அவிழ்த்தால், சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்வரை ஓயாது. நான் இங்கே எழுதுவதில் முக்கால்வாசி அந்த மூட்டையிலிருந்து எடுத்ததுதான்.

விஷயம் இதுதான். ஒருவர் ஒரு புரோகிராம் எழுதி வைக்கிறார். இன்னொரு டெவலப்பர் அதை எடுத்துத் தன் வேலைக்குப் பயன்படுத்த வேண்டும். எழுதியவர் பக்கத்தில் இருக்கமாட்டார். அவர் வைத்துவிட்டுப் போன கட்டளைகள்தான் இருக்கும். இதைக் கூப்பிட்டால் இது நடக்கும், அதைக் கூப்பிட்டால் அது நடக்கும். அந்தக் கட்டளைகளுக்குத்தான் மொத்தமாக இன்டர்ஃபேஸ் என்று பெயர். புது வீட்டுக்குக் குடிபோன அன்று எந்த ஸ்விட்சைத் தட்டினால் எந்த விளக்கு எரியும் என்று சுவரைத் தடவுவோமே, அதே கதை. வயரிங் செய்தவனுக்கு எல்லாம் வெட்டவெளிச்சம். குடிவந்தவன்தான் விளக்கைப் போடப் போய் ஃபேனைச் சுற்றவிட்டு நிற்பான்.

அம்மா குடிவந்தவன் கட்சி. டெவலப்பர் ஒருவரை ஓர் அறையில் உட்காரவைத்து, ஒரு வேலையைக் கொடுத்து, மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுவாள். பிறகு அவர் எங்கே திணறுகிறார், எத்தனை நிமிடம் திணறுகிறார், எந்த இடத்தில் பெருமூச்சு விடுகிறார் என்று குறித்துக்கொள்வாள். உதவி மட்டும் செய்யக் கூடாது. தலையாட்டக் கூடாது, புருவத்தைத் தூக்கக் கூடாது. "சரிதானே மேடம்?" என்று அவர் திரும்பினால், "நான் இங்க இல்லன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்கலாம். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அனுமதி.

வீட்டிலும் அதே வாக்கியம் வந்து விழும்.

"அம்மா, என் நீலச் சட்டை எங்க?"

"நான் இங்க இல்லன்னா என்ன பண்ணுவ?"

"அழுக்குச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போவேன்."

"சரி. குறிச்சுக்கறேன்."

அப்பா வயரிங் செய்த கட்சி. அதே கம்பெனியில் மூன்றாவது மாடி. வாயில்லாப் பூச்சி என்று அவருக்குப் பெயர் வைத்தது அம்மாதான். ஒருமுறை அவருடைய போனில் மணிக்குப் பதிலாகக் கழுதைக் கத்தலை வைத்துவிட்டேன். பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் இருப்பவளுக்கு வேறு என்ன ஜோலி? அன்று சாயங்காலம் திட்டு விழும் என்று கதவோரமாகவே சுற்றிக்கொண்டிருந்தேன். விழவில்லை. மறுநாளும் இல்லை. அந்தக் கழுதை பஸ்ஸில் கத்தியிருக்கிறது, ஆபீஸ் கூட்டங்களில் கத்தியிருக்கிறது, ஒரு கல்யாண வரவேற்பில்கூடக் கத்தியது. அவர் நிதானமாக எடுத்து "ஹலோ" என்பார். கடைசியில் எனக்கே சங்கடமாகிப்போய் நானே மாற்றினேன். அதையும் அவர் கேட்கவில்லை.

அவர் எழுதியது, நேரம் குறித்துவைக்கும் ஒரு புரோகிராம் தொகுப்பு. பல் டாக்டர், முடிவெட்டும் கடை, கார் பட்டறை, எங்கெல்லாம் முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டுமோ அங்கெல்லாம் உள்ளே ஓடுவது அதுதான். ரொம்ப உறுதியான சரக்கு என்று அம்மாவே சொல்லுவாள். ஒரே ஒரு கோளாறு. நேரம் குறிக்கலாம், மாற்றலாம், ரத்து செய்யலாம். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக "உறுதி செய்" என்று ஒரு கட்டளையைக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் எதுவுமே பதிவாகாது. பதிவாகவில்லை என்றும் சொல்லாது. திரையில் எல்லாம் அழகாக நடந்துவிட்ட மாதிரியே தெரியும். நெட் பாதியில் அறுந்தால் பாதிப் பதிவு, பாதி அந்தரம் என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தாராம். காரணம் நல்ல காரணம்தான்.

இதற்காக அவர்கள் போட்ட சண்டை, ஒரு கை மட்டும் தட்டுகிற சண்டை.

"ஏங்க, கடைசிக் கட்டளைய ஒருத்தன் மறந்துட்டா ஒரு எச்சரிக்கையாவது வர வேண்டாமா?"

"விளக்கக் குறிப்புல எழுதியிருக்கேன்."

"எத்தனாவது பக்கத்துல?"

"பதினாலு."

"பதினாலாவது பக்கம் வரைக்கும் உங்களப் பெத்தவங்ககூடப் படிக்கமாட்டாங்க."

"படிச்சா புரியும்," என்பார் அப்பா. அது அவரைப் பொறுத்தவரை ஒரு மேடைப் பேச்சு.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், ஆபீஸ் போகிற வழியில், பஸ் நிறுத்தத்து பெஞ்சில் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்த அப்பா அப்படியே போய்விட்டார். தூங்குகிறார் என்று நினைத்து இரண்டு பஸ் போயிருக்கிறது. பைக்குள் அசிடிட்டி மாத்திரை அட்டைகள் நாலு, எல்லாம் காலி. "நெஞ்சு வலி ரொம்ப நாளாவே இருந்திருக்கணும். வீட்டுல சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார். அத்தை அழுகைக்கு நடுவே கேட்டுவிட்டாள்: "அடுத்தவன் திணறறதப் பாக்கறதுதான உன் வேல? கூடவே படுத்து எந்திரிச்சவன் திணறினது உன் கண்ணுல படலையா?" அத்தை கெட்டவள் இல்லை. தம்பியைப் பறிகொடுத்தவள். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் ஆபீஸ் போனதும் அப்பாவின் தொகுப்பு முந்தைய நாள் எத்தனை பேருக்கு நேரம் குறித்தது என்று பார்ப்பாள். சாயங்காலம் வந்து, "நேத்து உங்கப்பா நாலாயிரத்து எழுநூறு பேருக்கு நேரம் போட்டுக் கொடுத்திருக்கார்," என்பாள். மழை நாளில் குறையும். "நேத்து உங்கப்பா கொஞ்சம் ஓய்வா இருந்தார்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேனேஜர் அம்மாவைக் கூப்பிட்டார். அவருக்கு ஆபீசில் "ஆகட்டும்" என்று பெயர். எதைச் சொன்னாலும் அதுதான் பதில் என்பதால். அப்பாவின் தொகுப்பு பழையது, புது டீம் இன்னொன்று எழுதியிருக்கிறது, இரண்டையும் வைத்துக்கொண்டு மாரடிக்க முடியாது. எட்டு டெவலப்பர்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். உதவியே இல்லாமல் ஒரு மணி நேரத்துக்குள் எட்டில் ஆறு பேராவது சரியாக முடித்தால் பழையதை வைத்துக்கொண்டு செப்பனிடலாம். இல்லையென்றால் மூடிவிட வேண்டியதுதான். புதியது ஏற்கனவே எட்டில் ஏழு வாங்கியிருந்தது.

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வெளியிலேர்ந்து ஆள் ஏற்பாடு பண்றேம்மா," என்றார் மேனேஜர்.

"வேணாம் சார். வெளி ஆளுக்கு அது ஒரு பழைய புரோகிராம். கிழிச்சுத் தொங்கவிட்டுட்டுப் போயிடுவாங்க. நான்னா நியாயமாப் பார்ப்பேன்."

"அதுதாம்மா எனக்கு பயமே. ஆகட்டும். ஆனா ரெக்கார்டிங்க எல்லாம் ரெண்டாவது மாடியிலேர்ந்து ஒருத்தர் பார்த்து கையெழுத்துப் போடணும்."

அத்தை போனில் கொதித்தாள். "கட்டினவன் கைவேலைக்கு நீயே மார்க் போடப்போறியா? நெஞ்சுல கொஞ்சமாவது ஈரம் இருக்கா?"

"இருக்கறதாலதான் அண்ணி, இன்னொருத்தர்கிட்ட விடல," என்றாள் அம்மா.

முதல் ஆள் நரைத்த தலை. விளக்கத்தை முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்தார். பதினாலாவது பக்கத்தைத் தொட்டதும், "ஓ, கடைசியில உறுதி செய்யணுமா? சரி சரி," என்றார். பாஸ். அன்று அம்மா வழியில் கேக் வாங்கி வந்தாள். "உங்கப்பா மாதிரியே படிக்கிற ஜென்மம் ஒண்ணு இன்னும் இருக்குடி!"

இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் கேக்குக்கு உலைவைத்தார்கள். இரண்டாவது ஆள் நாற்பது நிமிடத்தில் "முடிஞ்சுது" என்று எழுந்துவிட்டார். எதுவும் பதிவாகவில்லை. மூன்றாவது ஆள் பதிவாகாததைக் கண்டுபிடித்தார், ஏன் என்பதைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. முழுப் பூசணிக்காயை யார் சோற்றில் மறைத்தார்கள் என்று தேடுகிற மாதிரி இருபது நிமிடம் தேடிவிட்டு மேசையைத் தட்டினார். "தப்புன்னா தப்புன்னு சொல்ல வேண்டியதுதானே! இத எழுதினவன் மட்டும் கையில கெடச்சான்..."

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னது அம்மாதானே. சொன்னார். அம்மா ஒரு எழுத்து விடாமல் நேரத்தோடு எழுதிக்கொண்டாள்: ஐம்பத்தோராவது நிமிடம், கையில் கிடைத்தால் என்று தொடங்கியது, அதற்குப் பிறகு வந்தது எல்லாம்.

"நீ ஒண்ணும் சொல்லலையா?" என்றேன்.

"என்ன சொல்றது? அவர் கையில கெடைக்கமாட்டார் சார்னா?"

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேருமே சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தோம்.

இனி ஒருவர்கூடத் தவறக் கூடாது. நாலாவது ஆள் பாஸ். ஐந்தாவது பாஸ். ஆறாவது ஆள் கடைசி நிமிடத்தில் பாஸ். தினமும் சாயங்காலம் நான் வாசலிலேயே விரலைக் காட்டிக் கேட்பேன், அவளும் விரலைக் காட்டுவாள். ஏழாவது நாள் ஐந்து விரல். எட்டாவது நாள் வந்தபோது நான் ஆறு விரலைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அம்மா ஆறு விரலைக் காட்டினாள். நான் போட்ட கூச்சலுக்கு எதிர்வீட்டு நாய் பதில் சொன்னது.

அவள் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏழாவது ஆள் முடிக்கறதுக்கு முன்னாடி நான் இருமிட்டேன்."

"அதனால?"

"அதனாலதான் அவன் நின்னான்."

நடந்தது இதுதான். ஏழாவது ஆள் ஒரு நெட்டைக்காரர். எல்லா வேலையையும் செய்துவிட்டார், உறுதி மட்டும் செய்யவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி, "முடிஞ்..." என்று வாயெடுத்துவிட்டார். அந்தச் சொல்லை முழுதாகச் சொன்னால் அதோடு சோதனை முடிந்தது என்பது விதி. அம்மா இருமினாள். அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். "இருங்க மேடம், ஒரு தடவ சரிபார்த்துடறேன்," என்று விளக்கத்தைத் திறந்தார். வேறு எந்த வேலையில் இருமலுக்கு அர்த்தம் உண்டு? இந்த வேலையில் அது விடையைக் காதில் ஓதுவதற்குச் சமம்.

"ஜலதோஷம்னு சொல்லிடு."

"எனக்கு ஜலதோஷம் இல்லையேடி."

"ரெண்டு ஐஸ்கிரீம் சாப்பிடு. காலைல வந்துடும்."

அவள் சிரிக்கவில்லை.

"வேணும்னே இருமினியா?"

"தெரியல. ஆனா அதுக்கு முன்னாடியே மனசுக்குள்ள 'சொல்லிடாத, முடிஞ்சுதுன்னு சொல்லிடாத'ன்னு கெஞ்சிக்கிட்டு இருந்தேன். அது நல்லாத் தெரியும்."

இரண்டாவது மாடிக்காரர் ஏழாவது ரெக்கார்டிங்கை அன்று காலையே பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டாராம். இருமல் அவருக்கு இருமலாகத்தான் கேட்டிருக்கிறது. யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. நான் எனக்குத் தெரிந்த கெட்டிக்காரத்தனத்தையெல்லாம் காட்டினேன். "அப்பாவுக்காக ஒரே ஒரு இருமல்மா. இதுக்கு உன்னத் தூக்குலயா போடப்போறாங்க? நீ வாயத் தொறந்தா நாளைலேர்ந்து உனக்குக் காலைல பாக்க நம்பரே இருக்காது."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அம்மா கோபப்படவில்லை.

"அந்த நெட்டைக்காரன் நாளைக்கு நிஜமா ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதுவான். அப்ப பக்கத்துல நான் இருமிக்கிட்டு உக்காந்திருப்பேனா? நேரம் குறிச்சாச்சுன்னு நம்பி எவனாவது வலியோட போய் நிப்பான்டி. உள்ள அவன் பேரே இருக்காது." நிறுத்தினாள். "வலிக்குதுன்னு ஒரு வார்த்த வெளிய வந்திருந்தா..." என்று தொடங்கி, மேலே போகாமல், செருப்பைக் கழற்றக் குனிந்தாள். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள்.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னாள். அவர் நம்பாமல் பார்த்தாராம்.

"இருமலுக்கெல்லாமாம்மா ரிப்போர்ட்டு?"

"நிறுத்தினது நான் சார்."

"நீங்க நேர்மையான ஆள்னு எல்லாருக்கும் தெரியும்மா. இத விட்டுட்டாலும் நேர்மையான ஆள்தான்."

"வேற ஒருத்தர் எழுதினதா இருந்தா விடுவீங்களா சார்?"

மேனேஜர் மேசையில் கிடந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார். அப்பாவோடு பன்னிரண்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர் அவர். கடைசியில் "ஆகட்டும்" என்றார். கெட்டுப்போன சோதனைக்குப் பதிலாக இன்னொன்று நடத்தலாம் என்று விதியில் இடம் இருக்கிறது. ஏழாவது ஆளைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு ஒன்பதாவது ஆளைக் கூப்பிட்டார்கள்.

அந்த நாள் அம்மா வாயில் ஒரு பெப்பர்மிண்டை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒன்பதாவது ஆள் வேலைக்குச் சேர்ந்து நாலே மாதமான ஒரு பெண். வாய் ஓயாத பெண். மனதில் ஓடுவதைச் சொல்லச் சொன்னதும் அவளுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. "இதக் கூப்பிட்டா... அட, வந்துடுச்சு! இது எவ்வளவு ஈசியா இருக்கு! ரத்து பண்ணினா ஏன்னு காரணம் கேக்குதே, யாரோ யோசிச்சு எழுதியிருக்காங்க மேடம்." ரத்து செய்தால் காரணம் கேட்க வைத்தது அப்பாவின் சொந்த யோசனை. ஒன்பது பேரில் அதைக் கவனித்தது அவள் ஒருத்திதான். அம்மா அதையும் எழுதிக்கொண்டாள், இருபத்து நாலாவது நிமிடம் என்று.

முப்பத்தெட்டாவது நிமிடம் அவள் கையைத் தட்டினாள். "முடிஞ்சுது மேடம்!"

உறுதி செய்யவில்லை.

அம்மா காகிதத்தைப் பார்த்தபடி, "நன்றிம்மா. அவ்வளவுதான்," என்றாள். அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு கதவு வரை போய்த் திரும்பினாளாம்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம். இத எழுதினவர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்," என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம் வாசலில் நான் விரலைத் தூக்கவில்லை. அவளும் மூட்டையை அவிழ்க்கவில்லை. சாப்பிட்டோம். அவள் தட்டைக் கழுவினாள், பிறகு என் தட்டையும் வாங்கிக் கழுவினாள். ஈரக் கையோடு நின்றுகொண்டுதான் இவ்வளவையும் சொன்னாள். கடைசியில், "அவ மூஞ்சியில அவ்வளவு சந்தோஷம்டி. அதப் பாத்துக்கிட்டே தோல்வின்னு எழுதினேன்," என்றாள்.

"அவகிட்ட சொல்லலையா, பதிவாகலன்னு?"

"நாளைக்குச் சொல்லுவேன். இன்னிக்கு முடியல."

ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பாட்டு மேசையில் ரிப்போர்ட் எழுதினாள். எட்டில் ஐந்து. பயன்பாட்டிலிருந்து விலக்கப் பரிந்துரை. தோற்ற ஒவ்வொருவருக்கும் நேரே காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. விளக்கத்தைப் படிக்காதது என்று ஒருவருக்கும் எழுதவில்லை. மேனேஜர் அதையாவது எழுதச் சொல்லியிருந்தார், அப்பாவுக்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று. ரத்துக்குக் காரணம் கேட்கும் முறையைப் புதிய தொகுப்பிலும் சேர்க்கலாம் என்று மட்டும் தனியாக ஒரு வரி இருந்தது.

முடித்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "இந்த இடம் மட்டும் ரொம்பக் கடுமையா இருக்கா பாரு."

அதில் இப்படி இருந்தது: "உள்ளே தவறு நேரும்போது இது வெளியே எதையும் காட்டுவதில்லை. எல்லாம் சரியாக இருப்பதாகவே பயன்படுத்துபவர் நம்பிவிடுகிறார். நம்பியவர்மேல் குற்றம் இல்லை."

நான் அதை இரண்டு தடவை படித்தேன்.

"கடைசி வரிய எடுத்துடட்டுமா?" என்றாள் அம்மா. "ரிப்போர்ட்டுல அப்படியெல்லாம் எழுதற வழக்கம் இல்ல."

"வேணாம்மா," என்றேன். "அது இருக்கட்டும்."

"இருக்கட்டுமா?"

"இருக்கட்டும். அத்தைக்கும் ஒரு காப்பி அனுப்பு."

அம்மா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். வைத்த கையை எடுக்காமல், மற்றொரு கையால் ரிப்போர்ட்டை அனுப்பினாள்.